ஒரு பிரெஞ்சுத் தாலாட்டும் பேசாத எழுத்துகளும்

பிரெஞ்சுச் சொற்கள் மனதில் நிற்காமல் நான் திண்டாடியபோது கைகொடுத்தது ‘ஃபே தோதோ’ என்ற பழைய தாலாட்டு. கோலா என்ற தம்பியைத் தேற்றித் தூங்க வைக்கிற பாட்டு. தூங்கினால் பால் கிடைக்கும், அம்மா மேலே கேக் செய்கிறாள், அப்பா கீழே சாக்லேட் செய்கிறார். அவ்வளவுதான்.

வரிகளைப் பார்க்காமல் மூன்று தடவை கேளுங்கள். பிறகு பிரெஞ்சு எழுத்திலேயே நோட்டில் எழுதுங்கள். ஆப் வேண்டாம், விரலால் தள்ளிய சொல் எனக்கு அன்றைக்கே மறந்துபோனது. உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கவும் வேண்டாம். இங்கே நான் எழுதுவது அடையாளத்துக்கு மட்டும். (தோதோவில் வருவது தோசையின் ‘தோ’.)

இனி நான் சறுக்கிய இடம். தோதோ என்றால் தூக்கம், லோலோ பால், ஓ உயரம், காத்தோ கேக். காதுக்கு நான்கும் ‘ஓ’ என்றே முடியும். நோட்டிலோ ‘ஓ’ என்ற சொல் எச், ஏ, யூ, டி என்று நிற்கிறது. நான் அதை ‘ஹாவுட்’ என்று படித்தேன், மெட்டு இடித்தது. நமக்குத்தான் இயைபு தெரியுமே! வரியின் கடைசி ஒலி பொருந்தவில்லை என்றால் வாசிப்பில் தவறு. ‘கீழே’ வரியும் அப்படித்தான்: பா (கீழே), ஷொகொலா (சாக்லேட்). கடைசி எஸ்ஸும் டியும் வாய் திறக்காது.

‘மேலே’ என்பது ‘ஆன் ஓ’. ‘ஆன்’ மூக்கொலியோடு நிற்கட்டும். ‘ஆனோ’ என்று சேர்த்துவிடாதீர்கள். அந்த எச் தானும் ஒலிக்காது, பக்கத்துச் சொல்லை ஒட்டவும் விடாது.

அப்புறம் ஷொகொலாவுக்கும் காத்தோவுக்கும் முன்னால் வரும் ‘த்யூ’. அகராதியைப் பார்த்து ‘சாக்லேட்டின்’ என்று எழுதி வைத்திருந்தேன். இங்கே அது ‘கொஞ்சம்’ என்ற சாயல், தமிழில் சொல்லவே தேவையில்லை. ‘த்யூ ஷொகொலா’ என்று சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

லோலோ குழந்தைப் பேச்சு. கடையில் பாலுக்கு ‘லே’ என்று கேளுங்கள். பெரியவர்கள் வாயில் லோலோவுக்கு வேறு பொருள் உண்டு, சிரிப்பார்கள்.

பிற்சேர்க்கை: தான் கேட்ட ஒலிப்பதிவில் ‘த்யூ காத்தோ’வுக்குப் பதில் ‘தே காத்தோ’ என்று கேட்கிறதே என்றார் ஒருவர். அப்படியும் பாடுகிறார்கள். ‘தே’ வந்தால் பன்மை. எழுத்தில் கடைசியில் ஓர் எக்ஸ் சேரும், அதுவும் பேசாது. கேக் பல என்று காதுக்குச் சொல்வது அந்தத் ‘தே’ மட்டுமே.