டையை விடுவதா? முதலில் பத்துக் கிழமை பொறுங்கள்

தலைமுடிக்கு டை அடிப்பதை நிறுத்த நினைப்பவர்களில் பலர் தப்பான நாளில்தான் முடிவெடுக்கிறார்கள். கடைசியாக அடித்து மூன்று கிழமை ஆகியிருக்கும். உச்சியில் முக்கால் சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு வெள்ளைக்கோடு. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "நமக்கு இது சரிவராது" என்று அன்றைக்கே அடுத்த பைக்கற்றை உடைப்பார்கள். அந்தக் கோடு உங்கள் நரை எப்படியிருக்கும் என்பதைக் காட்டாது. பைக்கற்றுக் கறுப்பு இயற்கைக் கறுப்பைவிட இருண்டது, ஒரே சீரானது. அதன் பக்கத்தில் பாதி நரைத்த முடிகூட முழு வெள்ளையாகத்தான் தெரியும்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். பத்துக் கிழமை பொறுத்தால் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். முடிவெடுக்க அவ்வளவாவது கையில் வேண்டும். அதுவரை நீங்கள் எதையும் விடவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நாற்பது நிமிடத்தில் பழையபடி கறுப்பாக்கிவிடலாம் என்பதால் இந்தச் சோதனைக்குச் செலவும் இல்லை, பயமும் தேவையில்லை.

பத்தாவது கிழமை, எண்ணெய் வைக்காத, காய்ந்த தலையோடு, பகல் பத்து மணிபோல ஜன்னலோரம் நில்லுங்கள். டியூப் லைற் வெளிச்சத்தில் நரை நீலம் பாரித்துத் தெரியும், அதை நம்ப வேண்டாம். முன்நெற்றி, இரண்டு கன்னப்பொறி, உச்சி, பிடரி என ஐந்து இடங்களில் முடியைப் பிரித்து வேறு ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எண்ண வேண்டியதில்லை. நரை எங்கே இருக்கிறது, கலந்து நிற்கிறதா, திட்டாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

தலை முழுக்க உப்பும் மிளகும் தூவியதுபோல் கலந்திருந்தால் விடுவது சுலபம். ஆறு மாதத்தில் பார்ப்பவர்கள் கண் பழகிவிடும். முன்னால் மட்டும் வெள்ளை, பிடரி முழுக்கக் கறுப்பு என்றால் கொண்டை போடும்போது இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரியும். சிலருக்கு அது அழகு, சிலருக்குப் பிடிக்காது. ஏறத்தாழ முழுவதும் வெள்ளை என்றால் முடிவு நல்லாயிருக்கும், ஆனால் இடைக்காலம் கடினம். கோடு மிக மோசமாகத் தெரிவது இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை. "என்ன புள்ள, ஏதும் வருத்தமா?" என்று கலியாண வீட்டில் கேட்கப்போவதும் அந்த மாதங்களில்தான். வீட்டில் சடங்கு, கலியாணம் ஏதும் இருந்தால் அதை முடித்துவிட்டுத் தொடங்குவது புத்தி.

பொறுக்கக் கூடாதவர்கள்

டை பட்டபிறகு உச்சந்தலை, காதோரம், கழுத்து கடித்தால், அல்லது மறுநாள் கண்ணிமை வீங்கினால், உங்களுக்குச் சோதனை தேவையில்லை. இன்றோடு நிறுத்த வேண்டும். பெரும்பாலும் காரணம் பி.பி.டி. எனப்படும் பாராபீனிலீன்டயமீன். கறுப்பு டைகள் பெரும்பாலானவற்றில் அதுதான் நிறம் தருகிறது. பத்து வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பதினோராம் வருடம் ஒவ்வாமை தொடங்கலாம். தொடங்கிவிட்டால் உடம்பு அதை மறக்காது, அடுத்தமுறை இன்னும் மோசமாக வரலாம். அறிகுறி அடித்த உடனே வராமல் ஒன்று தொடக்கம் மூன்று நாள் கழித்தும் வருவதால், பலர் பழியைச் சாப்பாட்டின்மேல் போட்டுவிடுகிறார்கள். முகம் வீங்கி மூச்செடுக்கக் கஷ்டமாக இருந்தால் இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள்.

"அம்மோனியா இல்லை" என்று பெட்டியில் போட்டிருப்பதற்கும் பி.பி.டி.க்கும் சம்பந்தமில்லை. "கறுப்பு மருதோன்றி", "மூலிகைக் கறுப்பு" என்று விற்கும் தூள்களில் பலவற்றின் உள்ளே இருப்பதும் அதே மருந்துதான். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுத்தமான மருதோன்றி கறுப்பாக்காது, செம்மஞ்சளாகத்தான் ஏறும், அதற்கும் இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும். அவுரித்தூளைத் தனியாகக் குழைத்து அதன்மேல் பூசினால்தான் கறுப்புப் பக்கம் போகும். ஒரே பைக்கற்றுத் தூள் அரைமணியில் கறுப்பாக்கினால் அது இலைத்தூள் மட்டும் அல்ல. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கம் மார்க்கத்துக்காகக் கறுப்பைத் தவிர்த்து மருதோன்றி பூசுபவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறுவது இந்தத் தூளில்தான்.

இருபத்தைந்து வயதுக்கு முன்பே நரைத்தவர்கள் டையைப் பற்றி யோசிக்குமுன் வைத்தியரிடம் பேசி பி12, தைரொயிட், இரும்புச்சத்து மூன்றுக்கும் இரத்தம் பார்க்கட்டும். பரம்பரையாகத்தான் இருக்கும் பெரும்பாலும். ஆனாலும் பார்ப்பது நல்லது.

கத்தரிக்கோல் கணக்கு

"வளர்ந்தால் டை போய்விடும்" என்பது பாதி உண்மை. டை ஏறிய முடி எங்கும் போகாது, வெட்டினால்தான் போகும். வளர்ச்சி தீர்மானிப்பது வெட்டி முடிக்கும்போது உங்களிடம் எவ்வளவு நீளம் மிஞ்சும் என்பதை மட்டுமே. 40 செ.மீ. முடி உள்ளவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5 செ.மீ. வெட்டினால் எட்டு வெட்டில், அதாவது இரண்டு வருடத்தில், டை முழுதும் தீரும். அப்போது கையில் 24 செ.மீ. இருக்கும், தோளைத் தொடும் அளவு. இடுப்பளவு கூந்தலை நீளம் குறையாமல் மாற்ற நினைத்தால் ஐந்து வருடம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபிறகும் மனம் சரி என்றால் தொடங்குங்கள். நடுவில் கைவிடுபவர்கள் கணக்குப் போடாதவர்கள்தான்.

ஆண்களுக்கு மூன்று நான்கு மாதம் போதும். பொறுமை இல்லாதவர் சலூனில் 2ஆம் இலக்கச் சீப்பு போட்டு (6 மி.மீ.) ஒரேயடியாக எடுத்துவிடலாம். நேர்த்திக்கு மொட்டை போடுபவருக்கும், உம்றாவில் தலை மழித்து வருபவருக்கும் இந்தப் பிரச்சினையே இல்லை. மீசையையும் தாடியையும் அதே கிழமையில் விடுங்கள். தலை நரைத்து மீசை மட்டும் கறுத்திருந்தால் எல்லாரும் பார்ப்பது மீசையைத்தான்.

இடைக்காலத்தில் நேர் உச்சி பிரிப்பதை விடுங்கள், அதைப் போலக் கோட்டைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. சீப்பின் வாலால் வளைத்து வளைத்துப் பிரித்தால் எல்லை உடையும். தாழ்ந்த கொண்டையும் உதவும். ஒரு நாள் விசேஷத்துக்குக் கழுவினால் போகும் முடி மஸ்காராவை வேரில் தொட்டுக்கொள்ளலாம், கடும் கறுப்பு வேண்டாம், கபில நிறம் எடுங்கள்.

கறுப்பிலிருந்து கபிலத்துக்கு இறங்கி, பிறகு நரைக்குப் போகலாம் என்று பலர் பெட்டி மாற்றுவார்கள். நடக்காது. ஒரு டை இன்னொரு டையைக் கழற்றாது. புதிய கபிலம் வேரில் மட்டும் பிடிக்கும், கீழே பழைய கறுப்பு அப்படியே இருக்கும். மூன்று நிறத் தலைதான் மிச்சம்.

கறுப்பைக் கழற்ற வெளிறவைக்கும் மருந்து வேண்டும். அது பார்லர் வேலை, வீட்டில் செய்வதல்ல. அங்கேயும் முதலில் சீப்பில் வந்த முடியில் ஒரு கொத்தை வெளிறவைக்கும் கலவையில் போட்டு அரைமணி பார்க்கச் சொல்லுங்கள். சில தூள்களிலும் "படிப்படியாகக் கறுக்கும்" திரவங்களிலும் உலோக உப்புகள் இருக்கும். வெளிறவைக்கும் கலவையிலுள்ள பெரொக்சைட் அவற்றில் பட்டால் சூடேறி முடி பிய்ந்துவிடும். அவுரி போட்ட முடி பச்சையாகலாம். கொத்து சூடேறினாலோ பச்சையானாலோ எழுந்து வந்துவிடுங்கள். தாங்கினால்கூடப் பல வருடக் கறுப்பு ஒரே இருப்பில் கழறாது, செம்மஞ்சளில் நிற்கும். 6 சதவீதத்துக்கு மேல் பெரொக்சைட் உள்ள கலவை தலைத்தோலில் படவேண்டாம்.

நரை மஞ்சளாவது

விட்டபிறகு வரும் முதல் முறைப்பாடு இது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இதற்குக் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. கிணற்று நீரில் இரும்பு இருந்தால் வாளியின் உட்புறம் செம்பழுப்பாகும், உங்கள் நரையும் அப்படியே. இரவே வாளியில் இறைத்து வையுங்கள், அடியில் படிந்ததைக் கலக்காமல் காலையில் மேல்நீரை எடுங்கள். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரும் வீடுகளில் கடைசி அலசலையாவது அதில் செய்யலாம். மாரியில் பிடித்த மழைநீர் இன்னும் நல்லது.

பச்சை நிறமாகக் காய்ச்சிய மூலிகை எண்ணெய், செவ்வரத்தம்பூ எண்ணெய், மஞ்சள் கலந்தது எதுவும் நரையில் சாயம் ஏற்றும். சித்திரை வருடப்பிறப்புக்குத் தலையில் வைக்கும் மூலிகை மருத்துநீரும் அப்படித்தான். வைக்காமல் விட வேண்டாம், அன்றே நுரைக்க முழுகிவிடுங்கள். எண்ணெய் வேண்டுமென்றால் தெளிந்த தேங்காய் எண்ணெயை முழுக அரைமணிக்கு முன் வைத்துக் கழுவிவிடுங்கள். தேசிக்காய் பிழிந்தால் ஒரு லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதைக் கழுவாமல் வெயிலில் போனால் நெற்றித்தோல் பொத்துக் கறுத்துவிடும்.

ஊதா நிற ஷாம்பு மஞ்சளை அடக்கும். கிழமைக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம். பத்து நிமிடம் விட்டால் தலை ஊதாவாகும். உடுப்புக்குப் போடும் நீலத்தைத் தலையில் கரைக்க வேண்டாம்.

நரைமுடி கொஞ்சம் முரடு. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது இன்னும் விறைக்கும். அந்த மாதங்களில் கொண்டிஷனரைக் குறைக்காதீர்கள், குடையைப் பிடியுங்கள்.

பத்துக் கிழமைக்குப் பிறகு மனம் டைப் பக்கமே சாய்ந்தால் போங்கள், தப்பில்லை. கலவையில் பயறளவு எடுத்து முழங்கை மடிப்பில் பூசி 48 மணித்தியாலம் பாருங்கள், முன்பு ஒத்துவந்த மருந்தென்றாலும். கடித்தால் வேண்டாம். ஒத்துவந்தால் வளர்ந்த வேரில் மட்டும் பூசி, கழுவும் நேரம் வரை நுனிக்கு இழுக்காமல் விடுங்கள். ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுத்தால் கறுப்பின்மேல் கறுப்பு ஏறும், பிறகு எந்த வருடமாவது விட நினைத்தால் அந்த நுனிதான் கழறாமல் நிற்கும்.