ஓய்வுக்கு முன் மருத்துவக் காப்பீடு: அரசுத் திட்டத்தையும் தனியார் பாலிசியையும் ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணி ஓய்வை நெருங்குகிறவர்கள் அரசு மருத்துவக் காப்பீட்டையும் தனியார் பாலிசியையும் ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது பிரீமியத்தையும் காப்பீட்டுத் தொகையையும்தான். அவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நாள்காட்டியை என்பது என் உறுதியான கருத்து. இப்போதுள்ள பாதுகாப்பு எந்த நாளில் முடிகிறது, அடுத்தது எந்த நாளில் உண்மையாகவே பயன்படத் தொடங்குகிறது என்று எழுதிப் பார்க்காமல் எடுக்கும் முடிவுதான், பிற்காலத்தில் சேமிப்பைக் கரைக்கும் மருத்துவமனைச் செலவில் கொண்டுபோய் விடுகிறது.

"எழுபது வயதானால் அரசே ஐந்து லட்சம் தருகிறது, தனியாக எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பு இல்லாமல் விரிவாக்கப்பட்டது உண்மை. ஆனால் பலரும் ஓய்வு பெறுவது 58 அல்லது 60 வயதில். இடையில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் இதய அடைப்பும் மூட்டுத் தேய்மானமும் கண்புரையும் வரிசையாக வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்; மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பம் அந்த வரம்பைத் தாண்டிவிடும். தவிர, ஆயுஷ்மான் திட்டம் மாநிலங்களின் வழியாகச் செயல்படுவது. தாம் வாழும் மாநிலத்தில் 70 வயதினருக்கான அட்டை வழங்கப்படுகிறதா, பக்கத்தில் எந்த மருத்துவமனை அதை ஏற்கிறது என்று விசாரிக்காமல் அதை நம்பியிருப்பது சரியல்ல.

அடுத்த தவறு, ஓய்வு பெற்ற பிறகு தனியார் பாலிசி எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான அதிகபட்சக் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்காத காலம்) 2024 ஏப்ரலில் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. ஆனாலும் அது மூன்று முழு ஆண்டுகள். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் தனியாகக் காத்திருப்புக் காலம் வைக்கப்படுவதுண்டு. அறுபதில் பாலிசி எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு அந்த நோயின் விளைவுகளுக்கான முழுப் பாதுகாப்பு 63 வயதில்தான் கிடைக்கக்கூடும். அதே பாலிசியை 55 வயதில் எடுத்திருந்தால், அலுவலகக் காப்பீட்டின் நிழலிலேயே அந்த மூன்று ஆண்டுகள் கழிந்திருக்கும். இரண்டு காப்பீடுகள் இருக்கும் அந்தக் காலத்தை வீண் செலவு என்று நினைப்பவர்கள், அந்தப் பணம் காத்திருப்பைக் கழிப்பதற்கான விலை என்பதை உணர வேண்டும்.

அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. அவ்வாறு மாறினால் அதுவரை கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். ஆனால் இதைப் பணியிலிருந்து விடுபடும் நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ திட்டத்தில் இருந்தவர்கள் பலரும் அறியாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீடு பெற்ற பணியில் இருந்து ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். மத்திய அரசு ஊழியர்கள் தங்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் அட்டைக்குப் பத்து ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் செலுத்தி ஆயுள் முழுவதும் பயன்பெறலாம்.

அரசின் ஐந்து லட்சத்தைத் தனியார் பாலிசியின் ஐந்து லட்சத்தோடு ஒப்பிடுவது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும்; ஆனால் இரண்டும் இயங்கும் விதம் வேறு. அரசுத் திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே நிர்ணயித்த தொகையை, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்துகிறது. காத்திருப்புக் காலம் கிடையாது. முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் சிகிச்சை உண்டு. ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் விரும்பிய மருத்துவமனையோ தனி அறையோ அதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. புறநோயாளிச் செலவும் அதில் சேராது. தனியார் பாலிசியில் தேர்வு அதிகம். ஆனால் அங்கே அறை வாடகை வரம்பு என்ற ஒரு வரி மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும். நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வரம்புள்ள ஒருவர் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், அறை வாடகையில் மட்டும் பாதி குறையும் என்று நினைப்பார். மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். அவை 2 லட்சம் ரூபாய் என்றால் 1 லட்சத்தை அவரே கட்ட நேரும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு இந்த வெட்டு பொருந்தாது. ஆகவே விளம்பரத் தாளை விட்டுவிட்டு, பாலிசி ஆவணத்தில் அறை வாடகை, நோயாளி ஏற்க வேண்டிய பங்கு, நோய்வாரி உச்சவரம்பு (ஒவ்வொரு நோய்க்கும் அதிகபட்சமாகத் தரும் தொகை) ஆகிய மூன்றையும் தேடிப் படிக்க வேண்டும்.

பிரீமியம் ஏறிவிடும் என்ற பயத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் விண்ணப்பத்தில் மறைப்பவர்கள், தாங்கள் கட்டும் பணத்தையே பயனற்றதாக்குகிறார்கள். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசியை நடத்திய பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவல் மறைப்பைக் காரணம் காட்டிக் கோரிக்கையை நிராகரிக்க முடியாது என்ற விதி இருப்பது உண்மைதான். ஆனால் மாரடைப்பு அந்த அறுபது மாதங்கள் முடியட்டும் என்று காத்திருக்காது.

இன்றைய பிரீமியத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதும் தவறே. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆண்டுதோறும் 10 சதவீதம் ஏறினாலும் பத்தாண்டுகளில் 30,000 ரூபாய் ஏறத்தாழ 78,000 ரூபாயாகிவிடும். ஓய்வூதியத்தில் அது அடங்குமா என்று இப்போதே பார்ப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது ஓரளவு நிம்மதி.

எழுபது வயது அட்டை கைக்கு வந்ததும் தனியார் பாலிசியைக் கைவிடுபவர்களும் உண்டு. அதற்குத் தேவையில்லை, தனியார் பாலிசியோ ஈஎஸ்ஐயோ வைத்திருப்பவர்களும் அந்த அட்டையைப் பெறலாம். சிஜிஎச்எஸ், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரீமியம் பாரமானால், காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக்கொண்டு புதுப்பிக்க முடியுமா என்று முதலில் நிறுவனத்திடம் கேட்கலாம். ஆண்டுப் பிரீமியத்துக்கான 30 நாள் சலுகைக் காலமும் தாண்டி ஒருமுறை காலாவதியாகிவிட்டால், எழுபது வயதில் மருத்துவப் பரிசோதனையிலிருந்தும் புதிய காத்திருப்புக் காலத்திலிருந்தும் மறுபடி தொடங்க நேரிடும்.