டி.என்.ஏ. தொழில்நுட்பம்: பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

கல்லடியில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். மரபணுப் பொறியியல் தொடங்கினால் பிள்ளைகள் உடனே பாடமாக்கிவிடுவார்கள்: வெட்டுவது இது, ஒட்டுவது அது, பெருக்குவது பி.சி.ஆர். (ஒரு டி.என்.ஏ. துண்டைத் திரும்பத் திரும்பப் படியெடுக்கும் முறை). விடைத்தாளைத் திருத்தும்போது பார்த்தால் சொற்கள் எல்லாம் சரியாக இருக்கும், அந்த நேரத்தில் மூலக்கூறுக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் இருக்காது. வருடா வருடம் வழுக்கும் இடங்களும் அவையேதான்.

டி.என்.ஏ.யை வெட்டும் நொதியங்கள் பாலிண்ட்ரோம், அதாவது இருபக்கமிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கும், வரிசைகளை அறியும் என்று படிக்கிறோம். அதற்கு நானும் பல காலம் ‘விகடகவி’யைத்தான் உதாரணம் சொன்னேன். டி.என்.ஏ.யின் காரங்களை ஏ, ரி, ஜி, சி என்று நான்கு எழுத்தால் குறிப்போம். ஈகோ ஆர் வன் என்ற வெட்டும் நொதியம் அறியும் வரிசை ஜிஏஏரிரிசி. ஒருநாள் ஒரு பிள்ளை எழும்பி, “டீச்சர், ஜிஏஏரிரிசி-யைத் திருப்பி வாசிச்சா சிரிரிஏஏஜி எண்டெல்லோ வருது?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். விகடகவியை ஒரே வரியில் திருப்பி வாசிக்கிறோம். டி.என்.ஏ.யில் அப்படி வாசிக்கக் கூடாது. ஜிஏஏரிரிசி-க்குக் கீழே எதிர் இழையை எழுதுங்கள், ஏ-க்கு ரி, ஜி-க்கு சி. அந்தக் கீழ் இழையை அதன் 5' முனையிலிருந்து, அதாவது வலமிருந்து இடமாக, வாசியுங்கள். அதே ஜிஏஏரிரிசி வரும். ஈகோ ஆர் வன் நொதியம் இரண்டு இழையிலும் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் வெட்டுவதால், இரு பக்கமும் ஏஏரிரி என்ற நான்கு காரங்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். மனித டி.என்.ஏ.யை வெட்டினாலும் பற்றீரியாவின் சிறு வளைய டி.என்.ஏ.யான பிளாஸ்மிட்டை வெட்டினாலும் அதே நான்குதான். அவை ஒன்றோடொன்று பொருந்துவது அதனால்தான்.

“ஒட்டும் முனைகள் தாமாகவே ஒட்டும், லிகேஸ் தேவையில்லை” என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒட்டும் முனை என்பது அந்த நீட்டிய நான்கு காரங்கள், லிகேஸ் என்பது ஒட்டும் நொதியம். நான்கு காரச் சோடிகளின் ஐதரசன் பிணைப்பு மிக மெல்லியது, சேர்ந்த கையோடு பிரிந்தும் போகும். சீனி-பொசுபேற்று முதுகெலும்பில் இருக்கும் வெடிப்பை மூடி நிரந்தரமாக்குவது லிகேஸ்தான்.

பி.சி.ஆரில் புது இழையைக் கட்டும் நொதியமான ‘ராக்’ பொலிமரேஸ்தான் இழைகளைப் பிரிக்கிறது என்று எழுதாதீர்கள். பிரிப்பது சுமார் 95 பாகை வெப்பம். ராக் அந்தச் சூட்டில் கெடாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அம்பாறையின் மகாஓயா வெந்நீரூற்றைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ராக்கைத் தந்த பற்றீரியாவும் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் கண்டெடுக்கப்பட்டதுதான். அப்புறம், படியெடுப்பு தொடங்கும் இடத்தில் ஒட்டும் சிறு துண்டான பிரைமர் ஒன்றல்ல, இரண்டு வேண்டும். அவற்றுக்கு இடைப்பட்ட துண்டு மட்டுமே பெருகும். ஒவ்வொரு சுற்றும் இரட்டித்தால் 30 சுற்றில் ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டும்.

இன்சுலின் கேள்விக்கு, மனித மரபணுவை அப்படியே வெட்டிப் பற்றீரியாவுக்குள் வைத்தார்கள் என்று எழுதுவது பெரிய பிழை. மனித மரபணுவின் இடையிடையே உள்ள, புரதத்துக்குக் குறியீடு தராத பகுதிகளான இன்ட்ரோன்களை நீக்கும் ஏற்பாடு பற்றீரியாவிடம் இல்லை. அதனால் தூது ஆர்.என்.ஏ.யிலிருந்து எதிர்ப்படியெடுத்த டி.என்.ஏ. வேண்டும், இல்லாவிட்டால் செயற்கையாகத் தொகுத்தது வேண்டும். 1978இல் இன்சுலினின் 21 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிக்கும் 30 கொண்ட சங்கிலிக்கும் டி.என்.ஏ.யைத் தனித்தனியே இரசாயன முறையில்தான் தொகுத்தார்கள்.

டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரம் பாய்ச்சி அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் டி.என்.ஏ. நேர் முனையை நோக்கி ஓடும், ஏனென்றால் அதன் ஏற்றம் எதிர். கண்டல் வேர்களுக்குள் குஞ்சு மீன் சட்டென்று நழுவும், பெரியது தடைபட்டுத் தடைபட்டு வரும். இங்கும் சின்னத் துண்டுதான் முன்னே போகும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியும் நீல நிறம் டி.என்.ஏ. அல்ல, மாதிரியோடு கலந்த சாயம்.

மிக அதிகமாகப் பிழை வருவது கொலனி தெரிவில், அதாவது பிளாஸ்மிட்டை ஏற்ற பற்றீரியாவைத் தட்டில் வளர்த்துத் தெரிந்தெடுப்பதில். பற்றீரியாவைக் கொல்லும் மருந்தான அம்பிசிலின் கலந்த தட்டில் வளர்ந்த எல்லாவற்றிலும் நமது மரபணு இருக்கிறது என்று எழுதுவார்கள். அம்பிசிலினைத் தாங்கும் மரபணு பிளாஸ்மிட்டில் இருக்கிறது. ஆகவே வளர்ந்தவற்றில் பிளாஸ்மிட் இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். வெட்டிய பிளாஸ்மிட் நமது துண்டை ஏற்காமல் தன் முனைகளைத் தானே மூடிக்கொண்டிருக்கலாம். அதைப் பிரித்தறியத்தான் நீல-வெள்ளைச் சோதனை. வெட்டும் இடம் லாக் இசட் மரபணுவுக்குள் இருக்கும்படி வைத்திருப்பார்கள். துண்டு உள்ளே போனால் அந்த மரபணு குலையும், அந்த மரபணு தரும் நொதியம் உடைத்தால் நீலமாகும் எக்ஸ்-கால் என்ற பொருள் உடையாது, கொலனி வெள்ளையாக இருக்கும். வெறும் பிளாஸ்மிட் என்றால் நீலம். “நீலம்தான் வெற்றி” என்று தலைகீழாக எழுதுகிறவர்கள் ஏராளம்.

பல்கலைக்கழகம் போய் இதைக் கையால் செய்யப்போகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. தட்டை இன்குபேட்டரில் அளவுக்கு மிஞ்சி வைத்தால் பெரிய கொலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சில முளைக்கும். பெரியது வெளியே விடும் நொதியம் பக்கத்து அம்பிசிலினை அழித்துவிடுவதால், பிளாஸ்மிட் இல்லாதவையும் அங்கே பிழைத்துக்கொள்கின்றன. குச்சியால் எடுக்கும்போது அந்தப் பொடிகளைத் தொடாமல் நடுவில் உள்ள பெரியதை எடுங்கள்.