பூட்டிக் கிடக்கும் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம்: முடிவு வரும்வரை இடியாமல் காப்பது எப்படி

தருமபுரியில் 2008இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கிருஷ்ணகிரிக்கான கல்லூரி போலுப்பள்ளியில் கட்டப்பட்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இப்படிப் புதுக் கட்டடம் எழும்பும்போது பழைய வார்டுகள் பூட்டுக்குப் போகும். பல ஊர்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஊரக நலப்பணிகள் இயக்ககத்திலிருந்து மருத்துவக் கல்வி இயக்ககத்துக்குக் கை மாறும். அந்தக் கைமாற்றத்தில் பழைய வார்டு எந்தத் துறையின் பொறுப்பு என்பதே குழம்பிவிடும். இடிப்பதா, வேறு அலுவலகத்துக்குக் கொடுப்பதா என்று கோப்பு நகர வருடங்கள் ஆகும். கட்டடம் கெடுவது அந்த இடைவெளியில்தான். ஆகவே முதல் வேலை, என்ன பயன்பாடு என்று வாதிடுவதல்ல. தண்ணீர் உள்ளே போகாமல் பார்ப்பதும், காகிதங்களைத் திரட்டுவதும்.

தளமும் தண்ணீரும்

பழைய வார்டுகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் கூரை. ஒன்று மங்களூர் ஓடு. இன்னொன்று மெட்ராஸ் டெரஸ்: தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை, அதற்கும் மேல் தட்டோடு எனும் தட்டையான ஓடு. ஓட்டுக் கூரையில் உடைந்த ஓட்டை மாற்றி, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர் இற்றிருந்தால் அதையும் மாற்றினால் ஆபத்து பெரும்பாலும் தீரும். டெரஸ் அப்படியில்லை. அது ஒழுகுவது கீழே தெரியும் முன்பே விட்டத்தின் முனை உளுத்திருக்கும்.

காரணம் எளிது. மழைநீர் வெளியேறும் தூம்பில் இலையும் புறா எச்சமும் அடைத்துக்கொள்கின்றன. கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தண்ணீர் தேங்கிச் சுவருக்குள் இறங்குகிறது. விட்டத்தின் முனை புதைந்திருப்பது அந்தச் சுவரில்தான். நனைந்த மரத்தைக் கரையான் தேடி வரும். அறை நடுவில் விட்டம் இரும்பு போல இருக்கும், சுவருக்குள் ஒரு சாண் தூரம் பொடியாக இருக்கும். எனவே சோதிக்கும்போது நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியால் குத்துங்கள். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் அந்த விட்டத்துக்கு அன்றைக்கே முட்டு கொடுக்க வேண்டும்.

முட்டு கொடுப்பதிலும் தவறு நடக்கும். ஜாக்கி முட்டு ஒன்றை ஒற்றை விட்டத்துக்கு அடியில் நேராக நிறுத்தி இறுக்குவார்கள்; தளம் மேலே தூக்கப்பட்டுக் காரை விரியும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பல விட்டங்களைத் தாங்கும்படி குறுக்காக ஒரு கட்டையோ இரும்புச் சட்டமோ வைத்து, அதன் கீழ் முட்டுகளை நிறுத்துங்கள். அடியில் பலகை போடுங்கள். விட்டத்தைத் தொட்டு நிற்கும் அளவு போதும், உயர்த்தக் கூடாது.

தூம்புக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 மி.மீ. மழைக்கு, 40 சதுர மீட்டர் தளத்துக்கு ஒரு 4 அங்குலக் குழாய் என்பது நடைமுறை அளவு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. 200 சதுர மீட்டர் தளத்தில் அது ஒரு லட்சம் லிட்டர். பழைய வார்டில் மூலைக்கு ஒரு சிறிய தூம்புதான் இருக்கும். கூடுதல் குழாய் வைப்பது, முழுத் தளத்தையும் புதுப்பிப்பதைவிடப் பல மடங்கு மலிவு.

வெடிப்புக்குச் சிமென்ட் பூசாதீர்கள். சிமென்ட் சுண்ணாம்பைவிடக் கெட்டி, ஈரத்தை வெளியே விடாது. ஓரத்தில் புது வெடிப்பு விழும், உள்ளே சிக்கிய ஈரம் செங்கல்லையும் மரத்தையும் அரிக்கும். தட்டோடு இடுக்குகளுக்குச் சுண்ணாம்பும் நயமான செங்கல் தூளும் கலந்த காரை போதும். ஜல்லிக் காரை பெயர்ந்த இடத்தில் 20 மி.மீ. செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு. 4 அங்குலம் பரப்பி மரக்கட்டையால் அடித்து 3 அங்குலமாக்க வேண்டும். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது பழக்கம். கட்டை பட்டுத் துள்ளும்வரை அடி நிற்கக் கூடாது. பிறகு பத்து நாள் ஈரம் காக்க வேண்டும். தண்ணீர் வடியும் வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள்.

அரச மர, ஆல மரக் கன்றுகள்

சுவரில் முளைத்ததைப் பிடித்து இழுத்தால் வேரோடு கல்லும் வரும். வெறுமே வெட்டிவிட்டால் அடுத்த மழையில் இரண்டு கிளையாகத் தழையும். விரல் பருமன்வரை, சுற்றியுள்ள காரையைத் தோண்டி வேரை முழுதும் எடுத்துச் சுண்ணாம்புக் காரையால் மூடலாம். அதைவிடத் தடித்ததை அடியோடு வெட்டி, வெட்டிய உடனே கட்டையில் துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்ற வேண்டும். காய்ந்துவிட்டால் மருந்து இறங்காது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்க உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்களுக்கே அனுமதி, அவர்களை அழையுங்கள். வேர் செத்தது உறுதியான பிறகே கல்லைக் கலைத்து எடுக்க வேண்டும்.

உள்ளே கிடப்பவை

ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். எக்ஸ்ரே அறைச் சுவரில் ஈயத் தகடு இருக்கலாம். இயந்திரத்தை உடைத்து எடைக்குப் போடக் கூடாது. அதை முறைப்படி நீக்கிய விவரம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போக வேண்டும். பழைய பி.பி. கருவியிலும் தெர்மாமீட்டரிலும் பாதரசம் இருக்கும். ஊசி, மருந்துக் கழிவு எதுவானாலும் 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படிதான் அகற்ற வேண்டும். பின்னால் சேர்த்த கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அறுக்காதீர்கள். நனைத்து, முழுசாகக் கழற்றி எடுங்கள். பிரசவ வார்டுப் பதிவேடு, மருந்துக்கட்டுப் பதிவேடு கிடைத்தால் முதலில் உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

ஜன்னல்களைப் பலகை அடித்து முழுக்க மூடினால் உள்ளே ஓதம் ஏறும். மேல் வென்டிலேட்டர்களைத் திறந்துவைத்து, 12 மி.மீ. கம்பி வலை அடித்தால் புறாவும் வௌவாலும் வராது, காற்று வரும். மின் இணைப்பு முழுவதையும் துண்டித்து, காவலருக்கு மட்டும் தனி லைன் விடுங்கள். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி எழுதுங்கள். சில்லு உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

காகிதம்

தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து மாவட்டமானது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய நில ஆவணமும் கட்டட அனுமதியும் சேலம் ஆட்சியரகப் பதிவறையிலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம். நிலம் யாராவது ஆஸ்பத்திரிக்கென்று தானமாகக் கொடுத்ததா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுங்கள். தான பத்திரத்தில் நிபந்தனை இருந்தால் வணிக வளாகத் திட்டம் அதில் தடுக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு பொதுப்பணித்துறைச் செயற்பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையுடன். கேட்க வேண்டியவை: கட்டிய ஆண்டு, புல எண், உறுதித்தன்மை ஆய்வறிக்கையின் நகல், ஆய்வு செய்தவர் பதவி, பழுதுபார்ப்பு மதிப்பீடு, இடிப்பு மதிப்பீடு. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அறிக்கையில் கட்டடம் பழுதடைந்தது என்று ஒரே வரி இருந்தால், எந்தெந்த விட்டம், எந்தச் சுவர், எந்தச் சோதனை என்று திரும்பக் கேளுங்கள். வெறும் கண்பார்வையில் எழுதிய அறிக்கையை எதிர்த்து நிற்க அந்தக் கேள்வி உதவும். பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கக் கோரும் மனுவில் 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அளவு வரைபடமும் நான்கு பக்கப் படங்களும் இணையுங்கள்.

மறுபயன்பாட்டை முன்வைக்கும்போது கட்டடத்துக்கு ஒத்துப்போவதைச் சொல்லுங்கள். நூலகம், அருங்காட்சியகம், சித்த மருத்துவப் பிரிவு, நகர்ப்புற நலவாழ்வு மையம் எல்லாம் உயரமான அறைக்கும் திண்ணைத் தாழ்வாரத்துக்கும் பொருந்தும். மாடி இருந்தால் அங்கே கோப்பு அலமாரி அடுக்கும் யோசனை வேண்டாம், பழைய விட்டம் அந்தப் பாரத்தைத் தாங்காது. கழிவறையையும் தண்ணீர்த் தொட்டியையும் பழைய சுவருக்குள் கொண்டுவராமல், சில அடி தள்ளித் தனியாகக் கட்டி நடைபாதையால் இணையுங்கள். மதிப்பீடு போடும் பொறியாளரிடம் இதை வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.