மலைக்கும் கோவைக்கும் நடுவில் பிள்ளை: சந்திப்பு தடைபடாமல் இருக்க

கணவன் மனைவி பிரிந்தபின் ஒருவர் குன்னூரிலும் மற்றவர் கோவையிலும் இருந்தால், பிள்ளையைச் சந்திப்பதைக் கெடுப்பது பெரும்பாலும் சண்டை இல்லை, மலைப்பாதைதான். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் அந்த வாரம் போச்சு. "நீ வேணும்னே அனுப்பல" என்று ஆரம்பித்துவிடும். எங்களுக்குக் கைகொடுத்தது, மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதி வைத்ததுதான்: குன்னூர் சாலை மூடினால் கோத்தகிரி வழி, அதுவும் மூடினால் அடுத்த சனிக்கிழமை, மறுபேச்சு இல்லை. பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் இதை மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின்கீழ் பிள்ளைகள் குறித்த உத்தரவைப் பின்னால் மாற்றச் சொல்லியும் கேட்கலாம்.

பிள்ளையைக் கைமாற்றும் இடம் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம். வீட்டு வாசல் வேண்டாம், பழைய பேச்சு கிளம்பும். கிளம்புமுன் வயிறு முட்ட ஊட்டாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்த பிள்ளை, அப்பா வீடு என்றாலே முகம் சுளிக்கும். இரண்டு இட்லி, முன் சீட்டு.

தினமும் வீடியோ அழைப்பு. 2020இல் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமே, பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினம் 5 முதல் 10 நிமிடம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறது. பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். சிக்னல் இல்லாத நாளில் வாட்ஸ்அப் குரல் பதிவு போதும்.