பழைய படுக்கை விரிப்பில் காது அறாத துணிப்பை

துணிப்பை அடியில் கிழிவது அபூர்வம். காது ஒட்டியிருக்கும் இடத்தில்தான் போகும். நாலு தேங்காயும் ரெண்டு கிலோ வெங்காயமும் போட்டுத் தூக்கினால் மொத்தக் கனமும் அந்த நான்கு முனைகளில்தான் தொங்குகிறது. அதனால் இங்கே பாதி வேலை காதுக்கே.

புதுத்துணி வாங்காதீர்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான், ஒரே தடவையில் எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது புவி வெப்பமாதலில் தேவலை. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் சாயமேற்றவும் அவ்வளவு செலவாகிறது. வீட்டுப் பழந்துணிக்கு அந்தச் செலவு எப்போதோ முடிந்துவிட்டது.

கடையில் துணிப்பை என்று தருகிறார்களே, புள்ளி புள்ளியாக அழுத்தம் விழுந்தது, அது பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். ஓரத்தில் நூல் உருவிப் பாருங்கள், வராது. பஞ்சு போலப் பிய்யும். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு விதித்த தடையில் இந்தப் பையும் சேர்க்கப்பட்டது.

ஒரு பைக்கு வேண்டியவை

18 × 40 அங்குலத் துண்டு ஒன்று. காதுக்கு 4 × 20 அங்குலப் பட்டை இரண்டு (தோளில் மாட்ட வேண்டுமானால் 28 அங்குலம்). ஒட்டுக்கு 3 × 2 அங்குலத் துண்டு நான்கு. 16ஆம் நம்பர் மெஷின் ஊசி. பாலியஸ்டர் நூல். பிளாஸ்டிக்கைக் குறைக்கப் போய் பாலியஸ்டரா என்று கேட்கலாம். பருத்தி நூல் ஈரம் பட்டுப் பட்டுச் சீக்கிரம் இற்றுவிடும், அதனால்தான்.

1. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரிப்பின் நடுப்பகுதி உடம்பு பட்டுத் தேய்ந்து சல்லடை மாதிரித் தெரியும். அதை விட்டுவிட்டு ஓரங்களை எடுங்கள். இரு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, டர்ரென்று வந்தால் அது கரித்துணிக்குத்தான் லாயக்கு. ஒற்றைக் கட்டில் விரிப்பில் நான்கு பை தேறும்.

2. நீளவாக்கு கரைக்கு இணையாக வரும்படி வெட்டுங்கள். கனம் பாவு நூலில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், இறங்க வேண்டும். காதுப் பட்டையைக் குறுக்குச் சாய்வாக வெட்டினால் ஒரு வாரத்தில் ரப்பர் போல நீண்டு, பை முழங்காலைத் தட்டும்.

3. பட்டையின் இரு ஓரத்தையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் 1 அங்குல அகலத்தில் நான்கு மடிப்பு. இரு விளிம்பிலும் தையல் ஓட்டுங்கள்.

4. இனி முக்கியமான இடம். பெரிய துண்டின் 18 அங்குல ஓரத்தை உள்பக்கமாக அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடியுங்கள். பக்க விளிம்பிலிருந்து 5½ அங்குலம் தள்ளி, காதின் முனையை அந்த மடிப்புக்குள் முழுதாகச் செருகுங்கள். காது கீழ்நோக்கித் தொங்கும். ஒட்டுத்துண்டைப் பாதியாக மடித்து அதன் பின்னால் அதே மடிப்பில் நுழையுங்கள். மடிப்பின் கீழ் விளிம்பில் ஒரு தையல். பிறகு காதை மேலே திருப்பி மேல் விளிம்பில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே காதின் மேல் ஒரு சதுரம், அதற்குள் பெருக்கல் குறி.

அங்கே பத்துப் பன்னிரண்டு மடிப்பு சேரும். மோட்டாரில் ஓட்டினால் ஊசி ஒடியும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உறுதியாக இருக்கட்டும் என்று தையலைப் பொடிப்பொடியாக வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. நெருக்கமாகக் குத்திய துணி தபால்தலை ஓரம் மாதிரிக் கிழியும். 3 மில்லிமீட்டர் போதும். கையால் தைப்பவர்கள் இரட்டை நூலில் கெட்டித் தையல் (ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைப் பின்னால் எடுத்துப் போடுவது) போடலாம்.

5. மறுமுனையிலும் அப்படியே. பிறகு நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி பாதியாக மடித்து, இரு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, பிசிரை வெட்டி, உள்ளே திருப்பி, 3/8 அங்குலத்தில் மறுபடி தையுங்கள். நூல் பிரியாது, ஓவர்லாக் தேவையில்லை.

6. பை உள்புறம் திரும்பியபடியே இருக்கட்டும். அடிமூலையைத் தட்டையாக்கி, பக்கத் தையல் அடிமடிப்பின் மேல் படியும்படி வையுங்கள். நுனியிலிருந்து 2 அங்குலத்தில் குறுக்கே கோடு போட்டால் அது 4 அங்குலம் இருக்கும். இரண்டு முறை தையுங்கள். முக்கோணத்தை வெட்டாமல் அடிப்பக்கத்தோடு சேர்த்துக் குத்திவிட்டால் அடிக்கு வலு. கிடைப்பது 13 அங்குல அகலம், 4 அங்குல அடி, 16½ அங்குல உயரம்.

பழைய வேட்டி இதற்கு மெலிசு. ஆனால் 13 × 30 அங்குலத்தில் வெட்டி, வாயில் நாடா கோத்தால் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் தனித்தனியாக எடை போட நல்ல சுருக்குப்பை. மீனுக்கும் இட்லி மாவுக்கும் துணி ஆகாது, தூக்குவாளிதான்.

ஈரக் கீரையோடு பையைச் சுருட்டி வைத்தால் கரும்புள்ளி பிடிக்கும், பிறகு போகாது. 2021இல் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கியதைப் பார்த்து மஞ்சள்தூளில் நனைக்க நினைப்பவர்கள் கவனிக்க: வெயிலில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும்.