உப்புத் தண்ணீர் ஊரில் எரிச்சல் இல்லாமல் கால் ஷேவ் செய்வது எப்படி

காலில் முடி எடுத்த மறுநாள் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி கிளம்பினால் எல்லாரும் முதலில் திட்டுவது ரேசரைத்தான். அப்புறம் விலை கூடின ரேசர் வாங்குகிறோம், மூன்று பிளேடு போய் ஐந்து பிளேடு வருகிறது, புள்ளி மட்டும் போகிற வழியைக் காணோம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று நம் கடற்கரைப் பக்கத்து ஆளாக இருந்தால் ரேசரை விட்டுவிட்டு, குளிக்கிற தண்ணீரை ஒருதரம் பாருங்கள்.

போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருந்தால் சோப்பு நுரைக்காது, அதோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாக மாறிவிடும். வாளியின் உள் ஓரத்தை விரலால் வழித்தால் மாவு மாதிரி பிசுபிசுவென்று வருமே, அதேதான் காலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் பிளேடை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகாது, தட்டித் தட்டிப் போகும், நாமும் முடி வரவில்லையே என்று இன்னும் அழுத்துவோம். எரிச்சல் தொடங்குவது அங்கேதான்.

அதனால் ஷேவ் செய்கிற அன்றைக்கு மட்டும் காலுக்கென்று கொஞ்சம் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். காவிரிக் குழாயில் வந்தது, ஊரணியில் எடுத்தது, மழைக்குப் பிடித்து வைத்தது, எதுவானாலும் சரி. காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரைக் காலில் ஊற்றுவதா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். ஆனால் முழுக் குளியலுக்கும் அது தேவையில்லை. வழக்கம்போல போர் தண்ணீரிலேயே குளித்து முடியுங்கள். கடைசியில் சின்ன வாளியில் இரண்டு மூன்று லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் இருந்தால் போதும்: காலை ஒருமுறை கழுவ, நுரை போட, பிளேடை அலச, முடிவில் ஊற்ற.

குளித்து முடித்த பிறகு செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முடி இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினாலே மிருதுவாகிவிடும், பிளேடுக்கு எளிதில் அறுபடும். காய்ந்த காலில் அவசரத்துக்கு நாலு இழுப்பு இழுப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

குளியல் சோப்பை விட ஷேவிங் ஜெல்லோ கிரீமோ நல்லது. அப்பாவின் ட்யூபில் இருந்து கொஞ்சம் பிதுக்கிக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அவருடைய ரேசரைத் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறலில் இருந்து ஒட்டும் ரத்தம் வழியாக மஞ்சள் காமாலை வைரஸ்கள் பரவலாம், அக்கா தங்கையாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு ரேசர்தான். தலைக்குப் போடும் கண்டிஷனரும் நன்றாக வழுக்கும். தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது பிடிப்பதில்லை, பிளேடுகளுக்கு நடுவே முடியோடு அப்பிக்கொள்ளும், போதாக்குறைக்குப் பாத்ரூம் தரை வேறு சறுக்கும்.

அடுத்தது துரு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக் காற்று அரித்த ஊர் இது, பிளேடு எம்மாத்திரம்! ஈரத்தோடு பாத்ரூம் ஜன்னலில் வைத்த ரேசரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பிளேடின் நுனியோரம் பழுப்பாக ஒரு கோடு ஓடும். அதை வைத்து இழுத்தால் தோல் கிழியாமல் என்ன செய்யும்? பயன்படுத்தியதும் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உதறி, அறைக்குள் காய்ந்த இடத்தில் வையுங்கள். துண்டால் துடைக்க வேண்டாம், முனை மழுங்கிவிடும். ஐந்திலிருந்து ஏழு ஷேவுக்குள் பிளேடை மாற்றுங்கள், துரு தெரிந்தால் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

சரி, ரேசரைக் கையில் எடுத்தாயிற்று. முழங்காலுக்குக் கீழே முடி பெரும்பாலும் கீழ் நோக்கித்தான் சாய்ந்திருக்கும். முதல் முறை அது போகிற திசையிலேயே, மேலிருந்து கீழே, சின்னச் சின்ன இழுப்பாக எடுங்கள். ரேசரின் கனமே போதும், கை அழுத்தம் வேண்டாம். இரண்டு இழுப்புக்கு ஒருதரம் அலசுங்கள். வழவழப்புப் போதவில்லை என்றால் மறுபடி நுரை போட்டு, கீழிருந்து மேலே ஒரே ஒரு முறை. அடிக்கடி புள்ளி வருகிறவர்கள் இந்த இரண்டாவது சுற்றை மறந்துவிடுங்கள், கொஞ்சம் சொரசொரப்பு இருந்துவிட்டுப் போகட்டும். எதிர்த்திசையில் ஒட்ட எடுக்க எடுக்கத்தான் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து முண்டு முண்டாக நிற்கும். முழங்காலை மடக்கினால் அங்கே சுருக்கம் விரிந்து எடுக்க எளிதாகிவிடும். கணுக்காலில் எலும்பு துருத்தும் இடத்தில் தோலை ஒரு விரலால் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு எடுங்கள். தொடையில் முடி இடத்துக்கு இடம் திசை மாறும், கையால் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடுத்து முடித்ததும் மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவி, பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் முழுக்கக் காயும் முன்னே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் ஏதாவது பூசுங்கள். கற்றாழை என்றால் மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சோற்றை மட்டும் எடுங்கள், அந்தப் பாலே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். எலுமிச்சை, அத்தர், சென்ட் எதுவும் அன்றைக்குக் கால் பக்கம் வேண்டாம்.

கடலும் வேண்டாம். ராத்திரி ஷேவ் செய்துவிட்டு தளர்வான நைட்டியோடு தூங்குவதுதான் என் கணக்கில் சிறந்த நேரம், ஆனால் விடிந்ததும் அரியமான் கடலில் இறங்கப் போகிறீர்கள் என்றால் அதைத் தள்ளிப்போடுங்கள். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, அதே ஈரத் துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி நடக்கிறவர்களுக்குத் தொடை உரசுவதே பெரும்பாடு, முந்தின நாள் ஷேவ் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாசி எடுக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற பெண்கள், அடுத்த நாள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது. உப்பு எரிவது மட்டுமல்ல, வெதுவெதுப்பான கடல் நீரில் இருக்கும் பாக்டீரியா சின்ன வெட்டுக்காயம் வழியாகவும் உள்ளே போகும்.

இத்தனைக்குப் பிறகும் புள்ளி வந்தால் அது அடங்கும்வரை ஷேவை நிறுத்துங்கள். நகத்தால் கிள்ளாதீர்கள், வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தடமாக வையுங்கள். மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டீராய்டு கிரீமை நீங்களாகப் பூசாதீர்கள். சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் காலில் பிளேடே வைக்க வேண்டாம், ட்ரிம்மர் போதும். என்ன செய்தாலும் தோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதுவேதான். துளியூண்டு முடி மிஞ்சும்தான், அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்.